சில்லுக்குள் ஒரு உரசல்

என் மோட்டார் சைக்கிள் கராச்சுக்கு வருகிறவர்கள் சில்லில் கேட்கிற சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுவார்கள். ஒருவர் "கிர்ர்ர்ர்" என்பார். இன்னொருவர் "சர்... சர்... சர்..." என்பார். வேலை பழகுகிற பொடியன்கள் திரும்பி நின்று சிரிப்பார்கள். நான் அவரை இன்னொருமுறை செய்து காட்டச் சொல்லுவேன். விட்டுவிட்டு வருகிற சத்தத்தை யாரும் தொடர்ச்சியாகச் செய்து காட்டமாட்டார்கள், அதுதான் எனக்கு வேண்டியது. விட்டுவிட்டு வந்தால் சில்லு ஒரு சுற்றுக்கு ஒருமுறை எதையோ தொடுகிறது: நெளிந்த டிஸ்க், அடிபட்ட றிம், வட்டம் கெட்ட டிரம். இழுத்து வந்தால் சுற்றிவர எல்லா இடமும் ஒரேமாதிரி உரசுகிற ஒன்று: பிரேக் பாட், பெயாரிங், பெயாரிங்குக்குத் தண்ணீர் போகாமல் மூடுகிற சீல்.

ஓட்டிப் பார்த்து இதைப் பிரிக்க முடியாது. 17 அங்குலச் சில்லு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீற்றர் போகும். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் அது செக்கனுக்கு மூன்று சுற்று, காது குழம்பிவிடும். எஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளிக்கொண்டு நடந்தால் செக்கனுக்கு ஒரு சுற்றுக்கூட வராது. ரயரில் வெண்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு நடந்தால், கோடு எங்கே வரும்போது சத்தம் கேட்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். மதில் ஓரமாகத் தள்ளினால் இன்னும் நல்லது. சத்தம் மதிலில் பட்டுத் திரும்பி வரும்.

வருகிற சத்தமெல்லாம் வருத்தமும் இல்லை. டிஸ்க் பிரேக்கில் லீவரை விட்டதும் பிஸ்டனைப் பின்னால் இழுக்கத் தனியாக ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கிற றப்பர் சீல் வளைந்து நிமிர்வதால் மயிரிழை அளவுக்கு அது பின்வாங்கும், அவ்வளவுதான். ஆகவே பாட் டிஸ்க்கை மெல்லத் தடவிக்கொண்டு போவது இயல்பு. கார்த்திகை மார்கழி மழையில் இரவு முழுக்க நனைந்து நின்ற வண்டிக்கு விடியக் காலையில் டிஸ்க்கில் துருப் படிந்திருக்கும். மட்டக்களப்பில் கல்லடி, நாவலடிப் பக்கம் கடற்காற்றும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். இரண்டு மூன்று தரம் பிரேக் பிடித்ததும் அந்தச் சத்தம் போய்விடும். "ஒண்டும் இல்ல, போங்க" என்று அனுப்பினால் சிலருக்கு என்மேல் நம்பிக்கை குறைகிறது. அடுத்த கராச்சில் எதையாவது மாற்றிக்கொண்டு போனால்தான் மனம் ஆறும்.

2022இல் மட்டும் கதை வேறு. எரிபொருள் தட்டுப்பாட்டில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று கியூஆர் அட்டை வந்த காலம். சில்லு கொஞ்சம் இறுகினாலும் எரிபொருள் தின்னும் என்று, காதுக்கே எட்டாத உரசலைக்கூடக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்கள். கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும், பாட்டைப் பிடித்திருக்கிற கலிப்பர் வழுக்கி நகர்கிற கம்பி, அதாவது பின், காய்ந்து கிடக்கும். பின்னைத் துடைத்து, அதற்குரிய கிரீஸ் பூசினால் முடிந்தது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதால் புது வண்டி வாங்கவும் வழியில்லை. இருந்ததையே எல்லோரும் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

நான் சொல்ல வந்தது வவுணதீவுப் பக்கம் வேலை செய்கிற ஒரு வெளிக்கள உத்தியோகத்தரின் வண்டியைப் பற்றி. முன்சில்லில் இழுத்து வருகிற மெல்லிய உரசல். வேறு இடங்களில் இரண்டு தரம் பாட் மாற்றியாயிற்று, சத்தம் போகவில்லை.

"அண்ணன், இந்தமுறை டிஸ்க்கையும் மாத்திப் போட்டு விடுங்க" என்றார்.

"தம்பி, முதல்ல அது பிரேக்தானா எண்டு பாப்பம்."

எஞ்சினுக்குக் கீழே கட்டை வைத்து முன்சில்லைத் தூக்கினேன். கையால் சுற்றினால் சத்தம் இருக்கிறது. பாட்டைத் தள்ளி பிஸ்டனை உள்ளே அனுப்பிவிட்டு மறுபடி சுற்றினேன். டிஸ்க்கை இப்போது எதுவும் தொடவில்லை, சத்தமோ அப்படியே இருக்கிறது. பிரேக்கின் கணக்கு அத்தோடு முடிந்தது. (இதைச் செய்தவர்கள் வண்டியைக் கொடுக்க முன் லீவரை நாலைந்து தரம் அழுத்திப் பிஸ்டனைத் திருப்பி வெளியே கொண்டுவர வேண்டும். மறந்தால் முதல் சந்தியில் பிரேக் இருக்காது.)

மீற்றர் கேபிளைக் கழற்றினேன், மாற்றமில்லை. பிறகு ஸ்க்ரூ டிரைவரின் நுனியை அச்சின் ஒரு முனையில் வைத்து, பிடியைக் காதோரம் ஒட்டிக்கொண்டு, பொடியனிடம் சில்லைச் சுற்றச் சொன்னேன். வாவியில் மீன் பாடுவதைக் கேட்கத் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி மறுமுனையில் காதை வைப்பார்களே, அதே வித்தைதான். இடது பக்கம் அமைதி. வலது பக்கம் ஈரத்துணியால் கண்ணாடி துடைப்பதுபோல ஒரு இழுவை. பெயாரிங் போயிருந்தால் கரகரப்பு வரும், சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டமும் தெரியும். இரண்டும் இல்லை. அச்சு நட்டை அரைச் சுற்று தளர்த்தினேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. ஏதோ ஒன்று பக்கவாட்டில் நெருக்குகிறது.

சில்லைக் கழற்றியதும் தெரிந்துவிட்டது. வலது சீலுக்கும் அச்சில் கோத்திருக்கிற வளையமான கொலருக்கும் நடுவே தங்கூசி, மீன் வலை பின்னுகிற நைலோன் நூல். வாவிக்கரை ஒழுங்கைகளில் கிழிந்த வலைத்துண்டு கிடக்கும், அது சில்லில் மாட்டிச் சுற்றிச் சுற்றி உள்ளே போய், சூட்டில் இளகி, வளையம்போல இறுகியிருந்தது. சீலின் உதடு ஒரு பக்கம் தின்னப்பட்டிருந்தது. உள்ளே கிரீஸ் தண்ணீர் பட்டு மண்ணிறமாகிவிட்டது. பெயாரிங் இன்னும் விரலுக்கு வழுக்கலாகச் சுற்றியது, அந்த அளவில் தப்பியது. வெட்டுக் காலத்தில் அறுவடை முடிந்த வயல் பாதைகளில் ஓடுகிற வண்டிகளில் இதே இடத்தில் வைக்கோல் சுற்றியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வைக்கோல் தானாக உக்கி விழும், தங்கூசி விழாது.

முதலில் பார்த்தவர்கள் ஏன் காணவில்லை? அவர்களைத் திட்ட எனக்கு மனமில்லை. பாட் மாற்றுவதற்குச் சில்லைக் கழற்றத் தேவையில்லை. கலிப்பரில் இரண்டு போல்ட், பத்து நிமிட வேலை. உரசல் என்றதும் பாட் என்று கை தானாகப் போகும், போன கைக்குச் சம்பளமும் கிடைக்கும். கேட்டுக்கொண்டிருக்கிறவனுக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. இந்தத் தொழிலில் எனக்குத் தீராத எரிச்சல் அதுதான். சாமானுக்கு விலை உண்டு, பூட்டின கூலிக்கு விலை உண்டு. குந்தியிருந்து சில்லைச் சுற்றிச் சுற்றிக் காது கொடுத்த நேரத்தை எந்த வரியில் எழுதுவது?

புதுச் சீல் ஒன்று, கொஞ்சம் கிரீஸ். தம்பி தங்கூசி வளையத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்காகவா அண்ணன் ரெண்டு செட் பாட் போட்டன்?"

"பழைய பாட் செட்டுகள வச்சிருக்கிறீங்களா?"

"அவங்களே எடுத்து எறிஞ்சிட்டாங்க."

அன்றைக்கு அவருடைய பில்லில் சீல், கிரீஸ் இரண்டுக்கும் மேலே "சத்தம் பார்த்தது" என்று ஒரு வரி எழுதி, சீலின் விலையைவிடக் கூடுதலாகவே போட்டேன். அவர் பேசாமல் கொடுத்துவிட்டுப் போனார். எல்லோரும் அப்படி இல்லை. ஒரு முஸ்லிம் காக்கா அந்த வரியைப் பேனையால் வெட்டிவிட்டு மிச்சத்தைத் தந்தார். இன்னொருவர், "கேட்டதுக்குமா காசு?" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அந்த வரியை இப்போதும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.