பெரிய நீடிலைத் திருப்பத் தண்ணீர் வேண்டும்

மாடல் படகு எஞ்சினை ட்யூன் செய்வது பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: படகைக் கரையில் ஸ்டாண்டில் வைத்துக்கொண்டு பெரிய நீடிலை (முழு வேகத்தில் எவ்வளவு எரிபொருள் போகும் என்பதைத் தீர்மானிக்கும் கார்புரேட்டர் திருகு) திருகிக்கொண்டே இருக்காதீர்கள். அங்கே கிடைக்கும் செட்டிங் தண்ணீரில் நிற்காது.

ஸ்டாண்டில் புரொப்பெல்லர் காற்றில் சும்மா சுற்றுகிறது. தண்ணீரில் இறங்கியதும் சுமை ஏறும். படகு வேகம் பிடித்து மேலே எழும்பியதும் சுமை மறுபடி குறையும். ட்யூன்டு பைப் (குறிப்பிட்ட வேகத்தில் எஞ்சினுக்குக் கூடுதல் சக்தி தரும்படி செய்த புகைக்குழாய்) இருந்தால், அது வேலைசெய்யத் தொடங்கும் வேகத்தில் எஞ்சின் திடீரென்று கூடுதல் எரிபொருள் கேட்கும். இதெல்லாம் கரையில் எப்படித் தெரியும்? போதாததற்கு அங்கே குளிர்விக்கத் தண்ணீரும் கிடையாது. ஸ்டார்ட் ஆகிறதா, ஐடிலில் (மிகக் குறைந்த வேகத்தில்) அணையாமல் ஓடுகிறதா என்று சில வினாடி பார்க்கலாம், அவ்வளவுதான். த்ராட்டிலை முழுக்கத் திறக்கவே வேண்டாம்.

ஐடிலுக்கு மட்டும் கரையிலேயே ஒரு சோதனை உண்டு. கார்புரேட்டருக்குப் பக்கத்தில் எரிபொருள் குழாயை விரலால் நசுக்கிப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுங்கள். உடனே நின்றுவிட்டால் லீன், அதாவது காற்றுக்கு எரிபொருள் போதவில்லை. சத்தம் லேசாக ஏறி, இரண்டு மூன்று வினாடியில் நின்றால் சரி. ஏறிக்கொண்டே போனால் ரிச், அதாவது எரிபொருள் அதிகம். அப்போது ஐடிலுக்கான எரிபொருளைக் கட்டுப்படுத்தும் சின்ன நீடிலைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி மூடலாம். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் போகாதீர்கள்.

பெரிய நீடிலை வேண்டுமென்றே ரிச்சாகத் திறந்துவைத்துத்தான் நான் படகை விடுவேன். பின்னால் புகை தள்ளும், தொண்டை கட்டிய ஆள் பேசுவதுபோல எஞ்சின் கரகரக்கும், வேகமே எடுக்காது. ஒரு ரவுண்டு விட்டுக் கரைக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் மூடி, மறுபடி விடுவேன். ஓரிடத்தில் கரகரப்பு விலகிச் சத்தம் சீராகும். அதற்கு மேலும் மூடினால் இன்னும் வேகம் வரும், ஆசை காட்டும். நான் போவதில்லை. புகை மெலிதாகவாவது ஒரு கோடு போட வேண்டும். இந்த எஞ்சினுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி இல்லையே! மெத்தனாலோடு கலந்து வரும் எண்ணெய்தான் பிஸ்டனுக்கு மசகு. எரிபொருளைக் குறைத்தால் எண்ணெயும் குறையும், அதுவும் சூடு ஏறுகிற நேரம் பார்த்து.

கேட்க வேண்டியது நேர் ஓட்டத்தின் கடைசிப் பகுதியை. தொடக்கத்தில் பறந்துவிட்டு அங்கே சத்தம் தொய்ந்தால் லீன்தான், யோசிக்காமல் திறந்துவிடுங்கள். தொட்டி நிரம்பியிருக்கும்போது சரியாக வைத்த நீடில், எரிபொருள் மட்டம் இறங்க இறங்க லீன் பக்கம் சாயும். அதனால் பாதித் தொட்டியில் வைத்துப் பார்ப்பது என் பழக்கம்.

சிலர் எஞ்சின் தலையில் வெப்பமானியைக் காட்டி முடிவெடுக்கிறார்கள். தண்ணீர் சுற்றும் தலை அது, உள்ளே இருக்கும் சூட்டை அப்படியே சொல்லாது. நான் வெளியே பீய்ச்சும் தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்ப்பேன். வெதுவெதுப்பாக இருந்தால் போதும். அப்புறம் எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்கைக் கழற்றிக் கம்பியைப் பார்ப்பேன். ஈரமாகப் பளபளத்தால் ரிச். சாம்பல் பூத்து நெளிந்திருந்தால் லீன்.

அடுத்து 10 சதவீத நைட்ரோவிலிருந்து (எரிபொருளில் கலந்துவரும் நைட்ரோமீத்தேன்) 20க்கு மாறப்போகிறேன். எடைக் கணக்கில், ஒரு பங்கு பெட்ரோல் எரிய ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும், மெத்தனாலுக்கு 6.4 போதும், நைட்ரோமீத்தேனுக்கோ வெறும் 1.7தான். ஆக, நைட்ரோ கூடினால் அதே காற்றுக்கு எரிபொருள் அதிகம் போக வேண்டும். பழைய கேன் தீர்ந்ததும், ஸ்டார்ட் செய்வதற்கு முன்னாலேயே பெரிய நீடிலைக் கால் சுற்று திறந்துவிட்டு, முதலிலிருந்து மூடிக்கொண்டு வருவதாக இருக்கிறேன்.