காளான் குளிசையும் மனச்சோர்வும்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து வீடுகளுக்குக் கனடாவிலிருந்து வரும் பார்சல்களில், சொக்லேட்டுக்கும் நோவெண்ணெய்க்கும் நடுவே, ‘லயன்ஸ் மேன்’ என்று எழுதிய காளான் குளிசைப் போத்தல்களும் இப்போது வருகின்றன. மனச்சோர்வுக்குக் கிளினிக்கில் மருந்தெடுக்கும் மாமி ஒருவர், “அந்தக் குளிசையை விட்டுட்டு இதைப் போடலாமோ தம்பி?” என்று கேட்டார். கூடாது என்றேன். காளான் மனச்சோர்வை மாற்றும் என்று காணொளிகளில் பேசுபவர்கள் இரண்டு வெவ்வேறு காளான்களின் கதையை ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள்.

போத்தலில் இருப்பது, மரங்களில் வெண்தாடி போலத் தொங்கி வளரும் ஓர் உணவுக் காளான். 2010 இல் ஜப்பானில் 30 பெண்களைக் கொண்டு வெளியான ஆய்வொன்றில், இக்காளான் மா கலந்த பிஸ்கற்றை நான்கு வாரம் உண்டவர்களிடம் மனச்சோர்வு அளவீடு குறைந்தது. இவ்வளவு சிறிய ஆய்வை நம்பி ஒருவரின் மருந்தை மாற்றச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

பெரிய ஆய்வுகள் நடப்பதோ, 1958 இல் அல்பேட் ஹொஃப்மன் வேறொரு வகைக் காளானிலிருந்து பிரித்தெடுத்த, மாயத்தோற்றங்களை உண்டாக்கும் சைலோசைபின் என்ற பொருளில். வேறு மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வுள்ள 233 பேரிடம் நடத்தப்பட்டு 2022 இல் வெளியான ஆய்வில், ஒரே தடவை 25 மில்லிகிராம் எடுத்தவர்கள் மூன்றாம் வாரத்தில், 1 மில்லிகிராம் எடுத்தவர்களை விடத் தெளிவாகத் தேறியிருந்தார்கள். பன்னிரண்டாம் வாரத்தில் அந்த நன்மை மங்கியது. 2021 இல் இலண்டனில் 59 பேரிடம் எஸ்சிற்றாலோபிராம் என்ற வழக்கமான மனச்சோர்வு மருந்துடன் ஒப்பிட்டபோது, முதன்மை அளவுகோலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அவுஸ்திரேலியா (அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் வழியாக மட்டும்) 2023 யூலையில் சைலோசைபினுக்குக் கதவைத் திறந்தது.

காணொளிகள் சொல்லாமல் விடுவது சிகிச்சை நடக்கும் முறையைத்தான். மனப்பிறழ்வு நோய் (இல்லாததைக் காண்பது, கேட்பது போன்றவை) உள்ள குடும்பத்திலிருந்து வருபவர்களைச் சேர்க்காமல், முன்கூட்டியே பேசித் தயார்படுத்தி, மருந்து கொடுத்த நாளில் பயிற்சி பெற்றவர்கள் மணிக்கணக்காக அறையிலேயே கூட இருந்து, பின்னரும் பேசுகிறார்கள். கிளினிக் கொப்பியோடு காலையிலிருந்து வரிசையில் நிற்பவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும் வன்னியில், அந்த மருந்து நாளைக்கே வந்தாலும் அவ்வளவு நேரம் பக்கத்தில் இருக்க ஆளை எங்கே தேடுவது? ஆர்வக்கோளாறில் சாணத்திலும் உக்கிய மரத்திலும் முளைப்பதைப் பறித்துச் சோதிப்பவர்களுக்கு நஞ்சுக் காளானே அகப்படலாம்.

கிளினிக் மருந்தைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றும் நித்திரையின்மையும் வரலாம்; நோயும் திரும்பக்கூடும். குறைப்பதென்றால் வைத்தியரோடு பேசிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். காளான் குளிசை எடுப்பதையும் அவரிடம் மறைக்கக் கூடாது.