வால் இல்லாட்டி டேமேஜ் இல்ல எண்டு எழுதிப்போடாதீங்க

ஃபைனல் இயர் புரொஜெக்ட்டுக்கு கொமெட் அசே (கலத்தில டிஎன்ஏ உடைஞ்சிரிக்கா எண்டு பாக்கிற சோதினை) எடுத்திரிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு, நான் வைவால, அதான் வாய்மொழிச் சோதினையில, முழிச்சு நிண்ட கதையச் சொல்லுறன், நீங்களும் போய் அதே இடத்தில முழிக்காதீங்க.

கீமோ மருந்து டிஎன்ஏய என்ன செய்யுது எண்டு பாக்கிறதான் என்ட டொபிக். கலத்தப் பிரிய வைக்கிற பிஎச்ஏ போட்டு வளத்த லிம்ஃபோசைட் (ஒரு வகை வெள்ளை ரத்தக் கலம்), மருந்து ரெண்டு, எட்டோபோசைடும் சிஸ்பிளாட்டினும். கலத்த அகரோஸ் எண்ட ஜெலியில கலந்து ஸ்லைட்ல பூசி, கலத்த உடைக்கிற லைசிஸ் கரைசல்ல குளிருல வச்சு, பிறகு பிஎச் 13க்கு மேல உள்ள கரைசல்ல ஊறப்போட்டு கரண்ட் விட்டா உடைஞ்ச டிஎன்ஏ பொசிட்டிவ் பக்கம் இழுபட்டு வால் மாதிரி நீளும், உடையாதது உருண்டையா அப்பிடியே நிக்கும். 1988ல சிங் ஆக்கள் கொண்டுவந்த முறை இது. எங்கட மட்டக்களப்பு வெக்கையில இதச் செய்யிறதே ஒரு சோதினை, கரண்ட் போனா ஃப்ரிட்ஜ நம்பேலா, நான் மீன்கடையில ஐஸ் வாங்கி ரெஜிபோம் பொட்டிக்குள்ள போட்டுத்தான் சமாளிச்சன், லெப் முழுக்க மீன் மணம், பேச்சும் விழுந்திச்சு. ஆனா ஐஸ விடாதீங்க, லைட்டையும் கொறச்சு வைங்க, வெளிச்சமே டிஎன்ஏய உடைச்சு கன்ட்ரோலுக்கும், அதான் மருந்து போடாத கலத்துக்கும், வால் முளைக்க வச்சிரும்.

எட்டோபோசைட் ஸ்லைட் சும்மா அள்ளிச்சு, நல்ல நீள வால். சிஸ்பிளாட்டின் ஸ்லைட் கன்ட்ரோல் மாதிரியே உருண்டை. திருப்பிச் செஞ்சும் அதேதான். அப்ப இது டேமேஜ் பண்ணல்ல எண்டு ரிப்போர்ட்ல எழுதிட்டன், ஒரு புள்ள கூட அது பிழை எண்டு சொல்லல்ல.

வைவால மெடம் கேட்ட முதல் கேள்வி, "சிஸ்பிளாட்டின் டிஎன்ஏய வெட்டுதா கட்டுதா?" எனக்கு வாயே வரல்ல. அது குவானின்ட ஏழாவது நைட்ரஜன்ல ஒட்டி இழையக் கட்டிப்போடுற மருந்து எண்டு லெக்சர்ல படிச்சதுதான், ஸ்லைட்டோட சேர்த்து யோசிக்கல்ல. கல்லடிப் பாலத்தில சைக்கிள்ல போற புள்ளயளப் பாருங்க, அவுத்து விட்ட மயிர் காத்துக்குப் பறக்கும், இறுக்கிப் பின்னின சடை பறக்கா. கொமெட் பறக்கிறத மட்டுந்தான் காட்டும்.

அடுத்த கேள்வி, எதில கரைச்சீங்க? டிஎம்எஸ்ஓ எண்ட கரைப்பான்ல எண்டு பெருமையாச் சொன்னன். அங்கதான் செத்தன். அதில உள்ள சல்ஃபர் பிளாட்டினத்தப் பிடிச்சு மருந்தச் செத்ததாக்கிப் போடும், சேலைன்லதான் கரைக்கணும். இப்ப என்ட ஸ்லைட்ல வால் இல்லாதது சடை பின்னினதாலயா மருந்து செத்ததாலயா எண்டு ஆருக்கும் சொல்லேலா, மூண்டு மாச வேல.

நீங்க செய்யிறதெண்டா, சிஸ்பிளாட்டின் போட்ட கலத்துக்கும் போடாத கலத்துக்கும் ஒரே அளவு ஹைட்ரஜன் பெரொக்சைட்ட ஐஸ்ல வச்சுக் குடுத்து வேணுமெண்டே உடைங்க. போடாததில வால் நீளும், போட்டதில கட்டையா நிக்கும், அந்தக் கொறையிறதான் நீங்க தேடுற டேமேஜ். எட்டோபோசைட்டுக்கு வேற கவனம், மருந்தக் கழுவிட்டு டீ குடிக்கப் போனா டோப்போஐசோமரேஸ் எண்ட நொதியம் (அது ஒட்டுறத மறிக்கிறதுதான் இந்த மருந்து) தான் வெட்டினத திரும்ப ஒட்டிரும், வால் காணாமப் போயிரும். டிஎன்ஏ உடைஞ்ச இடத்தக் காட்டுற காமா எச்2ஏஎக்ஸ் புரதத்தப் பாக்க ஏலுமெண்டா நல்லம், ஆனா அன்டிபொடி விலைக்கு எங்களுக்குக் கட்டாது. சாதாரண மைக்ரோஸ்கோப்தான் இரிக்கெண்டா மைக்ரோநியூக்ளியஸ் (கலத்தில தனியா நிக்கிற சின்னக் கருவ எண்ணுற சோதினை) செய்யலாம், வளக்கத் தொடங்கி 44 மணித்தியாலத்தில, கலம் ரெண்டாப் பிரியாம மறிக்கிற சைட்டோகலசின் பி போட்டு 72ல எடுத்து, ரெண்டு கரு உள்ள கலத்தில மட்டும் எண்ணுங்க.

அந்தப் பெரொக்சைட்ட அலுமாரில கிடக்கிற பழைய போத்தல்ல இருந்து எடுக்காதீங்க, அது நாள் போகப் போக தண்ணியாப் போற சாமான், சேரிட்டக் கேட்டு புதுசு ஒண்டு உடைங்க.