டெஸ்லா எத்தனை இருந்தால் போதும்?

தஞ்சாவூர், திருச்சி வட்டாரக் கல்லூரி ஆய்வகங்களில் ஹால் விளைவுச் சோதனைக்கு வாங்கிய மின்காந்தம் இருக்கும். அரை டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) தரும், மிஞ்சினால் ஒன்று. குவாண்டம் கிணற்றின், அதாவது சில நானோமீட்டரே தடிமனான குறைகடத்தி அடுக்கின், ஒளிர்வு காந்தப்புலத்தில் மாறுவதைக் காண அது போதுமா? போதாது. காரணம் சின்னக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

முளைக்குச்சியில் கட்டிய மாடுதான் எலக்ட்ரான். புலம் கூடக்கூடக் கயிறு குட்டையாகும். அந்தக் கயிற்றின் அளவுதான் காந்த நீளம்: 1 டெஸ்லாவில் 25.7 நானோமீட்டர், 10 டெஸ்லாவில் 8.1. கேலியம் ஆர்சனைடுக் கிணற்றில் எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடம்) சேர்ந்த ஜோடியான எக்ஸிட்டானின் ஆரமோ சுமார் 10 நானோமீட்டர். அதாவது 1 டெஸ்லாவில் மாடு கயிற்றின் எல்லைக்கே வருவதில்லை. அடுக்குக்குச் செங்குத்தான புலத்தில் ஒளிர்கோட்டின் ஆற்றல் ஏறுவது புலத்தின் வர்க்கப்படி. ஆரம் 10, குறைக்கப்பட்ட நிறை (ஜோடிக்கு ஒன்றாகக் கணக்கிடும் நிறை) எலக்ட்ரான் நிறையில் 0.06 என்று வைத்தால் 1 டெஸ்லாவுக்கு 37 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட். 5 டெஸ்லாவுக்கு 0.9 மில்லி எலக்ட்ரான் வோல்ட் (இனி சுருக்கமாக மில்லி). 800 நானோமீட்டர் அருகே இந்த 0.9 என்பது 0.47 நானோமீட்டர். நிறமாலை வரைபடத்தில் இது கண்ணுக்கே தெரியும்.

கோட்டின் அகலம்தான் வில்லன். கிணற்றின் தடிமன் ஓரடுக்கு, அதாவது 0.28 நானோமீட்டர், ஏறி இறங்கினாலே 10 நானோமீட்டர் கிணற்றில் ஓரிரு மில்லி எலக்ட்ரான் வோல்ட் விரிந்துவிடும். காந்தத்துக்குச் செலவழிக்குமுன் புலமில்லாமல் 4 கெல்வினில் (திரவ ஹீலியக் குளிரில்) ஒரு முறை அளந்து பாருங்கள்.

ஹீலியம் கிடைக்காதபோது, கால்நடைக் கருவூட்டல் குடுவைக்கு வாங்கும் திரவ நைட்ரஜன் போதாதா என்று கேட்பார்கள். 77 கெல்வினில் வெப்ப ஆற்றலே 6.6 மில்லி. அதைவிட மோசம், அங்கே ஒரு கெல்வின் மாறினால் ஒளிர்கோட்டின் இடத்தைத் தீர்மானிக்கும் பட்டை இடைவெளி (குறைகடத்தியின் ஆற்றல் இடைவெளி) 0.25 மில்லி நகரும். 1 டெஸ்லா தரும் நகர்வைப் போல ஏழு மடங்கு. காந்தச் சுருள் சூடாகி மாதிரி கால் டிகிரி ஏறினாலும் 'காந்த விளைவு' வந்துவிட்டது என்று ஏமாறலாம்.

ஒளியின் வட்ட முனைவாக்கத்தை, அதாவது அதன் அதிர்வு இடமாகவோ வலமாகவோ சுழலும் திசையை, பிரித்துப் பார்க்க, கால் அலைத் தகட்டை (வட்ட முனைவாக்கத்தை நேர்க்கோட்டு முனைவாக்கமாக்கும் தகடு) மட்டும் 90 டிகிரி திருப்புங்கள், அதன் பின்னுள்ள போலராய்டைத் தொடாதீர்கள். தொட்டால், நிறமாலைமானியில் நிறம் பிரிக்கும் கீற்றணியின் திறன் ஒளியின் அதிர்வுத் திசையைப் பொறுத்து மாறும், இரு திசை ஒளியின் விகிதம் பொய்யாகும். ஒளியிழை வழி எடுத்தால் அது முனைவாக்கத்தைக் குலைத்துவிடும்; வட்ட முனைவாக்கியை மாதிரிக்கு அருகிலேயே வைத்து, புலத்தின் திசையை மாற்றுவது நல்லது.

இந்த இரு திசைக் கோடுகளுக்கு இடையிலான பிரிவு பெரிதாக வரும் என்று எண்ணாதீர்கள். புலத்தில் எவ்வளவு பிரியும் என்பதைச் சொல்லும் எலக்ட்ரானின் ஜி எண் பருமப் பொருளில் (கிணறாக இல்லாத கட்டியான கேலியம் ஆர்சனைடில்) −0.44, கிணறு குறுகக்குறுகக் கூடி, 5–6 நானோமீட்டரில் பூஜ்யத்தைக் கடக்கும். 5 டெஸ்லாவிலும் எலக்ட்ரான் பங்கு 0.13 மில்லிதான். துளையின் பங்கு தனி.

ஐப்பசி, கார்த்திகையில் வெற்றிடம் தளர்ந்த கிரையோஸ்டாட்டின் (மாதிரியைக் குளிர்வித்து வைக்கும் கலம்) ஜன்னலில் பனி படியும். ஒளி மங்குவதைப் புலத்தின் வேலை என்று எழுதிவிட வேண்டாம். ஏசி நின்றால் நிறமாலைமானியும் நகரும். ஆர்கான் விளக்கின் 794.8, 811.5 நானோமீட்டர் கோடுகளை ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் பதியுங்கள். புலத்தை ஏற்றியதோடு நிறுத்தாமல், இறக்கும்போதும் அளந்து இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வரையுங்கள்.