இரண்டு மொழியும் விழித்திருக்கும் வகுப்பு

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், வீட்டில் தமிழ் பேசி பள்ளியில் மலையாளமும் படிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுக்கு வாசிக்கச் சொல்லித்தருவதுதான் என் வேலை.

மலையாள எழுத்து பழகியதும் 'மழ', 'மரம்', 'கை' எல்லாம் சட்டென்று வந்துவிடும். எழுத்து வேறாக இருந்தாலும் வீட்டில் கேட்ட சொல் துணைக்கு வருகிறது. சிக்கல் 'வெள்ளம்' போன்ற சொற்களில்தான். மலையாளத்தில் அது குடிக்கிற தண்ணீர். பிள்ளைகள் தப்பில்லாமல் வாசிப்பார்கள். ஆனால் அடுத்த சொல்லுக்குப் போகாமல் கண் பின்னால் திரும்பும். "கிணத்துக்குள்ள எப்படி டீச்சர் வெள்ளம் வரும்?" என்று கேட்டாள் ஒரு சிறுமி. 'அவசரம்' என்றால் மலையாளத்தில் வாய்ப்பு என்பதால் அதிலும் இதே தயக்கம்.

இதைப் பார்த்துவிட்டு, வீட்டிலும் மலையாளமே பேசுங்கள் என்று பெற்றோருக்கு யோசனை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. மூளை முதலில் மொழியைத் தேர்ந்துகொண்டு அப்புறம் சொல்லைத் தேடுவதில்லை. தெரிந்த இரண்டு மொழிச் சொற்களும் சேர்ந்தே எழும்புகின்றன. மொழி ஆய்வாளர்கள் டைக்ஸ்ட்ராவும் வான் ஹியூவனும் 1998-ல் முன்வைத்து 2002-ல் விரிவாக்கிய கோட்பாட்டின் அடிப்படையே இதுதான்.

கியோம் தியரி, யான் ஜிங் வூ என்ற இரண்டு ஆய்வாளர்களின் 2007 ஆய்வை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த சீனர்களுக்கு ஆங்கிலச் சொற்களை இரண்டிரண்டாகக் காட்டி, பொருளில் தொடர்பு உண்டா என்று கேட்டார்கள். சில இணைகளைச் சீனத்தில் சொன்னால் ஒரு எழுத்து இரண்டிலும் வரும். வாசித்தவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை, பதில் சொன்ன வேகமும் மாறவில்லை. மூளை அலைகள் மட்டும் மாறின. ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. வளர்ந்தவர்களே தாய்மொழியை அணைத்து வைக்க முடியாதபோது, எட்டு வயதுப் பிள்ளையிடம் அதை எப்படி எதிர்பார்ப்பது?

முன்னே வரும் சொற்கள் பொருளைத் தெளிவாகக் காட்டினால் இந்தக் குறுக்கீடு குறைகிறது என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் இத்தகைய சொற்களைத் தனி அட்டையில் எழுதி வேகம் பார்ப்பதை விட்டுவிட்டேன். 'தாஹிக்குன்னு, வெள்ளம் தரூ' என்று வாக்கியமாகவே கொடுக்கிறேன். பிள்ளை நின்றால் எடுத்துக்கொடுக்காமல் காத்திருப்பேன். பெரும்பாலும் தானாகவே பிடித்துக்கொள்ளும். வேகத்தை மட்டும் வைத்து இவர்களுக்கு மதிப்பெண் போட வேண்டாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.