நாலு சுற்று, 18 நிமிடம்

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொன்னதும் மருத்துவர் டிரெட்மில் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். அப்போது எனக்கு வயது 44, எடை 92 கிலோ.

அங்கே புரூஸ் முறையில் நடக்க வைத்தார்கள். தொடக்கமே 10 சதவீத ஏற்றம், வேகம் மணிக்கு 2.7 கி.மீ. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டும் கூடும். 12 சதவீதம், 4 கி.மீ. என்று வந்தபோது கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. மூச்சு இன்னும் மிச்சம் இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிறுத்தச் சொன்னேன். இதயத்தில் குறை எதுவும் இல்லை, அதுவே பெரிய நிம்மதி. ஆனால் ரிப்போர்ட்டில் ‘உழைப்புத் திறன் குறைவு’ என்று ஒரு வரி. நின்றது காலா, மூச்சா என்று யாரும் கேட்கவில்லை. அந்த வரி பல நாள் உறுத்தியது.

பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். “சமதரையில நடந்து பார்ப்போம்க்கா” என்றார். ராக்போர்ட் நடைச் சோதனை என்று பெயராம். 1987-இல் அமெரிக்காவில் 30 முதல் 69 வயது வரை உள்ளவர்களை ஒரு மைல் நடக்க வைத்து உருவாக்கிய சூத்திரம். நடந்த நேரம், நாடித் துடிப்பு, எடை, வயது எல்லாம் போட்டால், உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்று சொல்லும். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறேனா என்று முதலில் விசாரித்தார். சாப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். நான் சாப்பிடவில்லை.

காலை ஆறு மணி, 400 மீட்டர் தடம். நாலு சுற்றும் அப்புறம் ஒன்பது மீட்டரும் நடக்க வேண்டும். “ஓடக் கூடாது, ஆனா முடிஞ்ச மட்டும் வேகமா நடங்க.” மூன்றாவது சுற்றில் தொடை உரசி எரிந்தது, பருத்தி பேன்ட்டைப் போட்டு வந்தது தப்பு. கோட்டைத் தாண்டியதும் மணிக்கட்டில் விரல் வைத்து 10 விநாடி எண்ணினார்: 23. நிமிடத்துக்கு 138. நேரம் சரியாக 18 நிமிடம்.

சூத்திரத்தில் போட்டால் கிலோவுக்கு நிமிடத்துக்கு 19.8 மி.லி. ஆக்சிஜன். குறைவு என்று என் முகம் வாடிவிட்டது. அவர் அதே எண்ணை 92-ஆல் பெருக்கிக் காட்டினார்: நிமிடத்துக்கு 1.8 லிட்டர். என் இதயமும் நுரையீரலும் மொத்தமாகக் கொடுப்பது அவ்வளவு. அதை எடையால் வகுக்கும்போதுதான் எண் சிறுத்துப்போகிறது. இரண்டும் உண்மைதான். படியேறும்போது 92 கிலோவையும் நான்தானே தூக்க வேண்டும்? ஆனாலும் என் நெஞ்சு பலவீனமானது என்று இத்தனை நாள் நம்பியது எவ்வளவு தப்பு!

இதெல்லாம் உத்தேசக் கணக்குதான். துல்லியம் வேண்டுமென்றால் முகமூடி மாட்டி, மூச்சுக் காற்றையே அளக்க வேண்டும். எனக்கு இது போதும் என்று பட்டது.

வாரத்தில் ஐந்து நாள் நடந்தேன். நாலு மாதத்தில் இறங்கியது இரண்டே கிலோ. வீட்டில் எல்லோரும் தராசைத்தான் பார்த்தார்கள். நான் தடத்துக்குப் போனேன். 17 நிமிடம் 15 விநாடி, துடிப்பு 132. கிலோவுக்கு 23.6 மி.லி., மொத்தம் 2.1 லிட்டர். இரண்டையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.