லோயர், ஹையர் டிராயிங் எழுதப் போகும் பிள்ளைகளுக்கு

அரசுத் தேர்வுகள் இயக்ககம் லோயர், ஹையர் என்று இரண்டு நிலைகளில் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட் (கருவி இல்லாமல் வெறும் கையால் வரைவது), மாடல் டிராயிங் (பொருளைப் பார்த்து வரைவது) எல்லாம் எழுதி முடித்தவள் என்பதால், சேலத்தில் தெரிந்தவர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து "எந்த புக் வாங்கட்டும்?" என்று கேட்கிறார்கள். வீட்டில் ஒரு குடம், ஒரு பக்கெட், ஒரு மர ஸ்டூல் இருக்கிறதல்லவா, அதை வரையச் சொல்லுங்கள் என்றால் யாருக்கும் திருப்தி இல்லை.

எங்கள் டிராயிங் சார் அப்படித்தான் பழக்கினார். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகள் இருக்கும் தெருவில் ஒரு மாடிதான் வகுப்பு. படத்தைப் பார்த்துப் படம் வரைய விடவே மாட்டார். கட்டம் போட்டு நடிகர் முகத்தை அச்சு மாதிரி இறக்கும் பையன்கள் உண்டு, பார்க்க அருமையாகவும் இருக்கும், ஆனால் மாடல் டிராயிங்கில் முன்னால் வைப்பது பொருளை. உங்கள் இடத்திலிருந்து அது எப்படித் தெரிகிறதோ அதைத்தான் வரைய வேண்டும், பக்கத்து பெஞ்சுக்காரனுக்கே அது வேறு மாதிரிதான் தெரியும்.

இன்னொன்று, எங்கள் தாளில் அவர் பென்சில் படாது. தப்பு இருந்தால் வேறொரு தாளில் வரைந்து காட்டிவிட்டு, "இப்பப் பாரு கண்ணு, குடத்தோட வாய் எவ்வளவு திறந்திருக்கு?" என்று கேட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். இதற்கா ஃபீஸ் என்று முணுமுணுத்த பெற்றோர் உண்டு. போட்டிக்கு மாஸ்டரே பாதி வரைந்து பிள்ளை கையெழுத்துப் போடும் ஊரில் இது எடுபடாதுதான். ஆனால் பரீட்சை ஹாலுக்கு மாஸ்டர் வரமாட்டாரே.

பக்கெட்டுக்கு வருவோம். முக்கால்வாசிப் பேர் அதன் அடியை நேர்கோடாகப் போடுவார்கள், தரையில் தட்டையாக உட்கார்ந்திருப்பது மனசுக்குத் தெரியும் என்பதால். உண்மையில் கண் மட்டத்திலிருந்து கீழே போகப் போக வட்டம் அதிகமாக விரிந்து தெரியும், அதனால் அடிவிளிம்பின் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதல். சார் இதைச் சொல்லித்தரவில்லை. ஒரே பக்கெட்டைத் தரையில், ஸ்டூலில், கைப்பிடிச் சுவர் மேல் என்று மாற்றி மாற்றி வைத்து வரையச் சொன்னார், நாங்களாகவே பிடித்துக்கொண்டோம்.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கும் கூட்டிப்போனார். அங்கே ஒரு தூணில் வாலி சிலையும் இன்னொரு தூணில் ராமன் சிலையும் உண்டு. வாலி நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் ராமன் தெரியமாட்டார், ராமன் பக்கம் போனால் வாலி தெரிவார். அந்தத் தூண்களுக்கு நடுவே எங்களை நடக்கவிட்டார், அவ்வளவுதான், பார்வை இடத்தைப் பற்றி வேறு பாடம் எடுக்கவில்லை.

பெயின்டிங் எழுதுபவர்கள் முடிந்தால் ஒருமுறை ஏற்காடு போய் வரையுங்கள். பகோடா பாயின்டில் எல்லோரும் கீழே இருக்கும் ஊர்களை வரையத் தயாரானோம், சார் ஒரே நீலத்தைக் கொடுத்து அடுக்கடுக்கான மலைகளை மட்டும் போடச் சொன்னார். நடுவில் இருக்கும் காற்றும் ஈரமும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் தூரத்து மலை வெளுத்து நீலமாகும், பக்கத்துச் சில்வர் ஓக் மரம் அழுத்தமாக நிற்கும். அப்புறம் ஒரு விஷயம்: மேலே குளிரில் வாஷ், அதாவது தண்ணீர் நிறையக் கலந்து பரப்பும் மெல்லிய வண்ணம், காய நேரமாகும், சேலத்து ஏப்ரல் வெயிலில் பிரஷ்ஷை எடுப்பதற்குள் காய்ந்து கோடு விழும், அதனால் கீழே வரையும்போது தாளை முதலில் லேசாக நனைத்துக்கொள்ளுங்கள்.

ஹாலில் கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிட்டுக்கொண்டு, தாளில் பொருள் எங்கே உட்காரும் என்பதை மெல்லிய கோட்டில் முதலில் குறியுங்கள். குடம் மாதிரி இரண்டு பக்கமும் ஒத்திருப்பதற்கு நடுக்கோடு கட்டாயம். ஷேடிங் கடைசியில். ரப்பரை எடுக்கும் அவசரம் வேண்டாம், தப்பான கோடு இருந்தால்தான் சரியான கோடு எங்கே என்று தெரியும்.

பிளஸ் டூவுக்குப் பிறகு சென்னையிலோ கும்பகோணத்திலோ அரசு கவின் கலைக் கல்லூரியில் சேர நினைப்பவர்களுக்கும் இதே பழக்கம்தான் உதவும், அங்கேயும் சேர்க்கைக்கு வரையச் சொல்வார்கள். இப்போதே பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பவர்களை வரைந்து பழகுங்கள். பஸ் வந்ததும் பாதியில் எழுந்து போய்விடுவார்கள், பரவாயில்லை, அடுத்த ஆளை ஆரம்பியுங்கள்.